ஒரு மரத்துக்கு ஒரு தொட்டி

அந்த அக்கா மரம் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. உட்கார்ந்து காய் நறுக்குவதற்குப் போடுவோமே, அந்த மாதிரிக் குட்டி ஸ்டூல் ஒன்றைக் கையோடு எடுத்து வருவார். மரத்துக்கு எதிரே போட்டு, அடிமரம் தன் கண்ணுக்கு நேராக வரும்படி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பார்க்க ஆரம்பிப்பார். அரை மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரமும் ஆகும். இலையைத் தொட மாட்டார், கிளையை நிமிர்த்த மாட்டார். நடுவில் ஒரு தடவை ஸ்டூலைச் சாண் அளவு இடப்பக்கம் நகர்த்தினால் உண்டு. மியூசியம் பார்க்க வந்தவர்கள் செல்போனில் மரத்தைப் படம் பிடித்துவிட்டு, சந்தேகத்தோடு அவரையும் ஒரு படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவரையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்களோ என்று நினைத்திருப்பார்கள் போல.

பார்த்து முடிந்ததும் எழுந்து தொட்டி அறைக்குள் போவார். சுவரை அடைத்துக்கொண்டு அடுக்கடுக்காகத் தொட்டிகள் இருக்கும் அறை அது. நீளம், வட்டம், முட்டை வடிவம், தட்டுப்போல ஆழமே இல்லாதது, பளபளப்புப் பூச்சு போட்டது, போடாதது. அதற்குள்ளிருந்து ஒரே ஒரு தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வருவார். இரண்டாவது தொட்டியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை.

“இன்னொண்ணும் எடுத்தாந்து வெச்சுப் பாக்கலாமேக்கா” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்.

“ரெண்டு தொட்டி பொருந்துதுன்னா நாம மரத்தப் பாக்கவே இல்லன்னு அர்த்தம் தம்பி. ஒரு மரத்துக்கு ஒரு தொட்டிதான்.”

மியூசியம் என்று பெரிதாகச் சொல்கிறேன். பாண்டிச்சேரி டவுனுக்குள், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய மஞ்சள் வீடு. வாசலில் போர்டு இருக்கிறது; ஆனால் ஆட்டோக்காரர்களிடம் குட்டைமர வீடு என்றால்தான் தெரியும். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் முசியே என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா மாதிரி; அவர் அக்காவை மதாம் என்பார். போன நாட்டில் எங்கேயோ இந்தப் போன்சாய்ப் பைத்தியம் பிடித்து, ஊர் திரும்பியதும் ஆல், அரசு, இச்சி, சவுக்கு என்று நூறு மரங்களுக்கு மேல் முழங்கால் உயரத்தில் வளர்த்துவிட்டார். வயதான பிறகு முன்கூடத்தையும் தோட்டத்தையும் ஊராருக்குத் திறந்துவிட்டார். அவருடைய மனைவி நான் சேர்வதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

நான் அங்கே தண்ணீர் ஊற்றுகிற ஆள். அப்பாவும் மில் தொழிலாளி, நானும் மில் தொழிலாளி. சாயப் பிரிவில் குழாய் ஃபிட்டராக இருந்தேன். ஒழுக்கு அடைப்பதுதான் என் வேலை. எங்கே சொட்டினாலும் என் கை தானாக அங்கே போய்விடும். மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அப்புறம்தான் இந்த வீட்டில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து வந்தேன்.

அன்றைக்கு என்னோடு இன்னொருவரும் வந்திருந்தார். தோட்டக்கலை படித்தவர், கையில் ஃபைல். என் கையில் ஒரு குடை. முசியே யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய முடியாமல் அக்காவைக் கூப்பிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அக்கா அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே எங்கள் இருவரையும் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் நிற்பதைப் போல நின்றேன்.

“இவரு இருக்கட்டும் முசியே” என்று என்னைக் காட்டினார்.

“ஏன் மதாம்? அவருக்குப் படிப்பு இருக்கே.”

“அவரு வந்ததுலேர்ந்து உங்க மூஞ்சியத்தான் பாக்குறாரு. இவரு அந்த ஒழுவுற கொழாயவே பாத்துக்கினு இருக்காரு. இவரு போதும்.”

உண்மைதான். தோட்டத்து மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைத் திருகி அடைத்தால் தேவலை என்றிருந்தது. வேலை கிடைத்ததும் முதலில் அதைத்தான் சரிசெய்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு அவருக்கு லேசில் வராது.

தொட்டி தேர்ந்தெடுக்க அவர் எங்கேயும் படித்தவர் இல்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பது வருஷம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். சூளையிலிருந்து வருகிற கோப்பையும் தட்டும் வரிசையாக எதிரே வரும். நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம். நின்று யோசிக்க நேரமில்லை. கையில் எடுத்து விரல் நுனியால் ஒரு தட்டு, கண்ணால் ஒரு சுற்று, அவ்வளவுதான். முசியே தொட்டி செய்யச் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனபோது, “இந்தத் தொட்டி அந்த மரத்துக்கு ஆவாதுங்க, இது குண்டு, அது ஒல்லி” என்று கேட்காமலே வந்து சொன்னாராம். அன்றைக்கே முசியே அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டார். பட்டறை வேலையிலிருந்து நின்ற பிறகு வாரம் இரண்டு நாள் மியூசியத்துக்கு வந்து போனார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் தனியாக இருந்தார்.

அந்தக் கண் மரத்தோடு நிற்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் காம்பைப் பிடித்துத் திருப்பி, ஓட்டை தேடி, எடுத்ததையே திரும்பப் போட்டுக் கடைக்காரியின் வாயில் விழுவோம். அக்கா குவியலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு கை நீட்டி நாலைந்தை எடுப்பார், எதையும் திருப்ப மாட்டார். வீட்டில் வந்து நறுக்கினால் ஒன்றில்கூடப் புழு இருக்காது என்று சொல்வார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரே ஒரு பிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதான்” என்று எழுந்து வந்துவிட்டாராம். கடைப்பையன் மற்ற பிரேம்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருப்பான். ‘இது நல்லாருக்கா’ என்று யாரையும் பார்த்து அவர் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியே அவர் வாயில் பழக்கப்படாதது.

இப்படிப்பட்டவரோடு இருப்பது சுலபமில்லை. பல பேருக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல். முசியேக்குத் தெரிந்த ஒரு பெரிய வீட்டு அம்மாள், தானே வளர்த்த அரசை ஆசையாகக் காரில் கொண்டுவந்து காட்டினார். பூவும் கொடியும் வரைந்த தொட்டி. அக்கா பார்த்துவிட்டு, “தொட்டிய உங்களுக்காக வாங்கியிருக்கீங்க, மரத்துக்காக வாங்கல” என்றார். அந்த அம்மாள் முகம் செத்துவிட்டது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார், அப்புறம் வரவே இல்லை. ஏன்க்கா இப்படி என்று கேட்டேன். “பொய் சொன்னா மரம் அதுலதான இருக்கணும்” என்றார். தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு தடவை, வந்தவர் ஒருவர் இச்சிமரத்துக்கு முன் நின்று, “ஆகா, என்ன அழகான தொட்டி!” என்று வாயைப் பிளந்தார். நான் பெருமையாகப் போய் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. மறுபடி ஸ்டூலைக் கொண்டுவந்து இச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். அடுத்த பருவத்தில் அந்தத் தொட்டியை மாற்றினார். “தொட்டி கண்ணுல பட்டா அது தொட்டி இல்ல தம்பி. மரத்தப் பாத்துட்டுப் போனவருக்கு எந்தத் தொட்டின்னு ஞாபகமே வரக்கூடாது.” தான் தேர்ந்தெடுத்த தொட்டியை அவர் மாற்றி நான் பார்த்தது அது ஒன்றுதான். அதையும் யாரும் சொல்லி மாற்றவில்லை.

அந்த மியூசியத்தில் ஒரு புளியமரம் இருந்தது. முசியேயின் மனைவி கையால் விதை போட்டு முளைத்தது. அடிமரம் நம் முழங்கைத் தடிமன் இருக்கும், பட்டை வெடித்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஏரிக்கரை மரத்தைச் சுருக்கி வைத்தது போல நிற்கும். முசியே காலையில் எழுந்ததும் முதலில் அதனிடம்தான் வருவார். பிரெஞ்சில் ஏதோ சொல்வார். எனக்குப் புரியாது, மரத்துக்குப் புரிந்திருக்கும்.

அந்தப் புளிக்கு மட்டும் தொட்டி அமையவே இல்லை. நான் சேர்ந்து மூன்று வருஷம் அது ஒரு சாதாரண மண்தொட்டியில்தான் இருந்தது. அக்கா மாதத்துக்கு ஒருமுறையாவது அதற்கு எதிரே உட்காருவார், எழுந்திருப்பார், தொட்டி அறைக்குப் போகாமலே வேறு வேலைக்குப் போய்விடுவார். முசியேக்கு ஒரே அவசரம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நீலத் தொட்டி ஒன்று அவரிடம் இருந்தது, ஆழமானது, அவர் மனைவிக்கும் பிடித்த தொட்டியாம். “இதுல வெச்சுடலாமே மதாம்” என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்!

“இன்னும் என் கண்ணுக்கு அது உக்காரல முசியே. உக்காரட்டும்.”

ஓர் ஆவணி மாதத்தில் உட்கார்ந்தது. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்து உள்ளே போனார். நனைந்த கருங்கல் நிறத்தில் ஒரு நீளத்தொட்டியோடு வந்தார். ஆழம் குறைவு, ஓரம் மழுங்கலாக, அடியில் மூன்று ஓட்டை. அவருடைய பழைய பட்டறையிலேயே செய்தது. முசியே நீலத் தொட்டியை நினைத்துக் கொஞ்சம் முணுமுணுத்தார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. மரத்தை அதில் மாற்றி, மண் போட்டு, பாசியை ஒட்டவைத்து முடித்ததும் நாங்கள் மூன்று பேரும் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தோம். புளி ஏதோ இத்தனை நாள் அந்நிய வீட்டில் இருந்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொட்டி எப்படி இருந்தது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் முசியேயின் மனைவி நினைவாக ஒரு வாரம் அந்த மரத்தை முன்கூடத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. கூடத்தில் தேக்கு மேசை, புதிதாகப் பாலிஷ் போட்டது. முன்பு ஒருமுறை தொட்டி வைத்து அதில் தண்ணீர் வட்டம் விழுந்து முசியே என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார். அடியில் தட்டு வைக்கலாம் என்றால் அக்காவுக்கு ஆகாது. “தட்டு வெச்சா மரம் சாப்பாட்டுக்கு உக்காந்த மாதிரி இருக்கும்” என்பார். மேசை நனையக்கூடாது, தட்டும் கூடாது. எனக்கு என்ன தோன்றும்? ஒழுக்கை அடை என்றுதான் தோன்றும். பைப் மூட்டுக்குப் போடுகிற களிம்பு, இரண்டு உருண்டையாக வரும், சேர்த்துப் பிசைந்து அழுத்தினால் கல்லாகிவிடும். தொட்டியை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, அடியிலிருந்து மூன்று ஓட்டையிலும் அதை வைத்து அழுத்தினேன். ஒரு வாரம்தானே, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், மரம் தோட்டத்துக்குப் போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. ஒழுக்கு அடைப்பதை எல்லாம் யார் யாரிடம் சொல்வார்கள்?

மேசை நனையவே இல்லை. முசியே என் முதுகில் தட்டினார்.

மரத்தைத் தோட்டத்து மேடையில் திரும்ப வைத்த அன்றைக்கு என் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆறு நாள் அலைந்தேன். குழந்தை கொஞ்சம் சிக்கலாகத்தான் பிறந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் திரும்பி வேலைக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. எல்லா மரமும் எல்லாத் தொட்டியும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் சொட்டவில்லை என்பது என் கண்ணில் படவில்லை. ஒழுக்கையே பார்க்கிறவன் என்று அக்கா எடுத்து வைத்த ஆள் நான். ஒழுகாததைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அக்காதான் முதலில் பார்த்தார். புளியின் இலை பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும், விடிந்தால் விரியும். அன்றைக்குக் காலை ஸ்டூலில் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“மணி என்னா தம்பி?”

“பத்தாவுதுக்கா.”

“பத்து மணிக்கு இன்னும் தூங்குது பாரு. தண்ணி வடியுதா?”

“வடியுதுக்கா.”

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அடைத்தது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான், யாரோ தண்ணீர் பாட்டிலை மூடியைப் போட்டுத் திருகினார்கள், எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய் ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுத்தேன். முதல் ஓட்டை திறந்ததும் கறுப்புத் தண்ணீர் சாக்கடை நாற்றத்தோடு கொட்டியது. மூன்றையும் பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். மில்லில் பழகிய கை. ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை.

அக்கா வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அதற்கு முந்தின வருஷம் இப்படித்தான் ஓர் இச்சி வேரில் நீர் கோத்து வாடியபோது, அக்கா அதை உடனே தொட்டியிலிருந்து எடுத்து, அழுகின வேரை வெட்டி, வெறும் மணலில் வைத்துப் பிழைக்க வைத்தார். புளியையும் அன்றைக்கு எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அக்கா வரும்போது முசியேயும் கூட வந்தார். இரவு தூங்காத முகம். மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, “தொட்டி ஒத்துக்கலியா மதாம்?” என்று கேட்டார். எனக்கு வாசலில் நிறுத்திய சேதராப்பட்டு ஞாபகம் வந்தது. பிரசவம் முடிந்து வீட்டில் படுத்திருக்கிற மகள் ஞாபகம் வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். “வடியுதுன்னியே தம்பி, நல்லா வடியுதா?”

“நல்லா வடியுதுக்கா” என்றேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லி ஒரு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வடிகால் சரியா இருந்தா வேர அசைக்க வேணாம் முசியே. இப்ப அசைச்சா தாங்காது. அதுவாப் புடிச்சுக்கும், பொறுப்போம்.”

பொறுத்தோம். இலை மஞ்சளாகி, உதிர்ந்து, கார்த்திகை முடிவதற்குள் நுனிக்கிளையை ஒடித்தால் சுள்ளிபோலச் சத்தம் வந்தது. மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்த நாளில் வேரெல்லாம் கறுத்துக் குழைந்து கையோடு வந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து தொட்டியைக் கவிழ்த்தார். மண் கொட்டாமல் ஓட்டைமேல் போட்டிருந்த வலையைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். மூன்றிலும் விரல் அந்தப் பக்கம் வந்தது. விரல் நுனியால் தொட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டார். விரிசலும் இல்லை.

“நீலத் தொட்டியிலயே வெச்சிருக்கலாம்” என்றார் முசியே. கோபமாகச் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா வெகுநேரம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டூல் பக்கத்தில் இருந்தும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். “ஆழம் பத்தல போல. எனக்கு அது தெரியல தம்பி. நான் தப்பாப் பாத்துட்டேன்.”

அக்கா தப்பாகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஃபைலோடு ஒருத்தரும் குடையோடு ஒருத்தரும் வந்து நின்றோமே, அன்றைக்கு. இதை நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வந்தார். ஒருநாள் ஓர் ஆலங்கன்றுக்குத் தொட்டி எடுக்க உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நடுவில் நின்று சுற்றிச் சுற்றித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், திருவிழாவில் கூட வந்தவர்களைத் தவறவிட்டவர் மாதிரி. வெறுங்கையோடு வெளியே வந்து, தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. ஸ்டூலை நான் எடுத்து வைத்தேன். முசியே வேறு ஆள் வைக்கவில்லை. இருக்கிற தொட்டியில் இருக்கிற மரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு வேலை போகவில்லை. சொல்லப்போனால் அக்கா இல்லாததால் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். காய்கறிக் கடையில் நின்றிருந்தார். ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார். இரண்டையும் கடைக்காரியிடம் நீட்டி, “எதும்மா நல்லாருக்கு?” என்று கேட்டார். கடைக்காரி, “ரெண்டும் ஒரே செடியில காச்சதுதான், எத்தினி நேரம் தெனமும் ரோதன” என்று சலித்துக்கொண்டாள். நான் மீன் கூடைக்காரர் ஒருவர் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா இரண்டையும் திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் கூட்டத்தில் போனார். நடை மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் காட்டச் சாட்சிக்கு ஏதாவது கிடைக்குமா என்று தொட்டி அறைக்குள் போய் அந்தக் கருங்கல் நிறத் தொட்டியைக் கவிழ்த்து, டார்ச் அடித்துத் தேடினேன். ஓட்டை ஓரத்தில் களிம்பு ஒரு பொட்டாவது ஒட்டியிருக்காதா! எவ்வளவு நேர்த்தியாகச் சுரண்டியிருக்கிறேன், பாவி. ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்புக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். பேரப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். டீ போட்டுக் கொடுத்து, சர்க்கரை போதுமா, தூள் ஜாஸ்தியா என்று இரண்டு தடவை கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, களிம்பு, மழை, பஸ், ஸ்குரூ டிரைவர், எல்லாம். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அக்கா முடியும்வரை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்படிச் சொல்லணும்னு தோணிச்சே உனக்கு, அந்த மனசு யாருக்கு வரும் தம்பி?”

“மனசு இல்லக்கா, நெசம். நான்தான் அடைச்சேன்.”

“நானே மூணு ஓட்டையிலயும் வெரல வுட்டுப் பாத்தேனே. தெறந்துதான இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடியே நான் சொரண்டிட்டேன்க்கா!”

“சரி, சரி. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழிய நீ எடுத்துக்குற. அதெல்லாம் வேணாம். நான் பாத்தது தப்பு, அவ்ளோதான். நீ அன்னிக்கு நான் கேட்டப்பலாம் வடியுதுன்னு சொன்ன ஆளு. நீ பொய் சொல்ற ஆளு இல்ல, எனக்குத் தெரியாதா?”

முசியேயிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். “அந்த மனுஷன் எதுக்கு இன்னொரு தபா அழுவணும்” என்று தடுத்துவிட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல எழுந்து பின்கட்டுக்குப் போனார். குளியலறைச் சுவரில் முளைத்ததாம், விரல் நீள ஆலஞ்செடி ஒன்றைப் பழைய டப்பாவில் வைத்திருந்தார். அதை என் முன்னால் வைத்தார். இன்னொரு தடவை போய் வந்தார். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு தொட்டி. ஒன்று செம்மண் நிறம், வட்டம். ஒன்று சாம்பல் நிறம், சதுரம். செடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“ஆறு மாசமா டப்பாவுலயே கெடக்குது தம்பி. எதுல வெக்கலாம், நீ சொல்லேன்.”

செடியையும் தொட்டிகளையும் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒழுக்கு அடைக்கத் தெரிந்தவனுக்கு என்ன தெரியும்? அக்கா காத்துக்கொண்டிருந்தார். செம்மண் நிறத் தொட்டியைக் காட்டினேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மண் எடுத்துவரப் போனார்.